ஸ்கிரிப்சர் வகுப்பும் பாட்டியின் விபூதியும்

டூங்காபி, சிட்னி:

வெளிநாட்டில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் பலருக்கு இது நடந்திருக்கும். முதலில் என் கதையைச் சொல்கிறேன், அப்புறம் நீங்கள் சொல்லுங்கள்.

மகளை கிண்டர்கார்டனில் சேர்த்தபோது வந்த படிவங்களில் ஒன்றில் 'ஸ்கிரிப்சர்' என்று ஒரு கட்டம் இருந்தது. ஏதோ கையெழுத்துப் பயிற்சி என்று நினைத்து டிக் அடித்துவிட்டேன். அது பைபிள் வகுப்பு என்று அப்போது தெரியாது. சிரிக்காதீர்கள். நாங்கள் இங்கே வந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது.

இரண்டாவது டெர்மில் ஒருநாள் இரவு, தோசைத் தட்டின் முன்னால் கண்ணை மூடி, கை கூப்பி, 'ஆமென்' என்று முடித்தாள். மதுரையிலிருந்து வந்திருந்த அம்மாவுக்கு அதில் குறை ஒன்றும் தெரியவில்லை. "சாமி கும்பிட்டுட்டுச் சாப்பிடுது, நல்ல பழக்கம்தானேடா" என்றார். நானும் விட்டுவிட்டேன். அடுத்த வாரம் அம்மா குளித்து விபூதி பூசிக்கொண்டிருந்தபோது, மகள் பக்கத்தில் போய் நின்றுகொண்டு, "பாட்டி, நீங்க ஜீசஸை நம்பலன்னா ஹெவனுக்கு வர மாட்டீங்களாமே. அப்போ என்னை யார் பார்த்துப்பாங்க?" என்று கேட்டாள். அம்மாவுக்குப் பாதிதான் புரிந்தது. பிள்ளை அழுவதைப் பார்த்து அவரும் அழுதுவிட்டார்.

பிறகுதான் விசாரித்தேன். நியூ சவுத் வேல்ஸ் அரசுப் பள்ளியில் கல்வி மதச்சார்பற்றது. ஆனால் 1880-ஆம் வருடச் சட்டத்திலேயே, சபைக்காரர்கள் பள்ளிக்குள் வந்து தங்கள் மதத்தைக் கற்பிக்க வழி வைத்துவிட்டார்கள். இப்போது நடப்பில் உள்ள 1990 சட்டத்திலும் அது தொடர்கிறது. வாரம் ஒருமுறை, பள்ளி நேரத்திலேயே வகுப்பு. நடத்துபவர்கள் பெரும்பாலும் தன்னார்வலர்கள். பெற்றோர் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால் பிள்ளையை அனுப்பக் கூடாது. எழுதிக் கொடுத்தேன். அலுவலகத்தில் இருந்த பெண்மணி முகம் சுளிக்காமல் வாங்கிக்கொண்டார். அந்த அரைமணி நேரம் மகள் நூலகத்தில் படம் வரைந்துகொண்டிருந்தாள். புதுப் பாடம் எதுவும் நடத்த மாட்டார்கள். "என் ஃபிரண்ட்ஸ் எல்லாம் அங்கே பாட்டுப் பாடுறாங்க" என்று ஒரு மாதம் முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள்.

*

டல்லாஸ் பக்கம், டெக்சஸ்:

இங்கே அமெரிக்காவில் அரசுப் பள்ளி நேரத்தில் அப்படி நடத்த முடியாது. பள்ளி விட்ட பிறகு நடத்தலாம். என் மகன் ஒருநாள் ஐந்து நிற மணிகள் கோத்த கயிற்றைக் கையில் கட்டிக்கொண்டு வந்தான். செஸ் வகுப்பு நடக்கும் அறைக்குப் பக்கத்து அறையில் பைபிள் கிளப். பிஸ்கட் கொடுக்கிறார்கள் என்று செஸ்ஸை விட்டுவிட்டு அங்கே போய் உட்கார்ந்திருக்கிறான். கறுப்பு மணியைக் காட்டி, "இது என் ஹார்ட்" என்றான். ஆறு வயதுப் பையன்! பாவத்துக்குக் கறுப்பு, இயேசுவின் ரத்தத்துக்குச் சிவப்பு, கழுவிய பிறகு வெள்ளை, வளர்ச்சிக்குப் பச்சை, பரலோகத்துக்கு மஞ்சள். வரிசை மாறாமல் ஒப்பித்தான். வாய்ப்பாடு அப்படி வராது அவனுக்கு.

பள்ளியில் கேட்டபோது, 2001-ல் வந்த மில்ஃபோர்டு வழக்கின் தீர்ப்பைச் சொன்னார்கள். பள்ளி முடிந்த பிறகு மற்ற சங்கங்களுக்கு இடம் கொடுக்கும் பள்ளி, மத போதனை என்ற காரணத்துக்காக ஒரு கிளப்பை மட்டும் ஒதுக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 6-3 என்ற கணக்கில் சொல்லியிருக்கிறது. இதில் வேடிக்கை என்னவென்றால், அதே தீர்ப்பைக் காட்டி 2016-ல் சாத்தானிக் டெம்பிள் என்ற அமைப்பு 'ஆஃப்டர் ஸ்கூல் சாத்தான் கிளப்' தொடங்கிவிட்டது. எங்கள் ஊருக்கு அது வரவில்லை, வந்திருந்தால் பையன் அங்கேயும் பிஸ்கட் உண்டா என்றுதான் கேட்டிருப்பான்.

*

சிட்னியிலிருந்தே இன்னொருவர்:

நான் அந்தப் பக்கம் நிற்பவள். ஸ்கிரிப்சர் டீச்சர். பாளையங்கோட்டையில் சி.எஸ்.ஐ. குடும்பம், சண்டே ஸ்கூலில் வளர்ந்தவள். அந்த ஐந்து நிறங்கள் எனக்கு மனப்பாடம். எங்கள் வி.பி.எஸ்.ஸில், அதாவது விடுமுறை வேதாகமப் பள்ளியில், எழுத்தே இல்லாத ஒரு சின்னப் புத்தகம் இருக்கும், பக்கத்துக்கு ஒரு நிறம். 1866-ல் லண்டனில் ஸ்பர்ஜன் போதகர் கறுப்பு, சிவப்பு, வெள்ளை என்று மூன்று பக்கங்களை வைத்துப் பேசியது அதன் தொடக்கம். மற்ற நிறங்கள் பின்னால் சேர்ந்தவை.

குழந்தைகளோடு வேலை செய்வதற்கான அரசுச் சரிபார்ப்பு, சபையின் பயிற்சி எல்லாம் முடித்துத்தான் உள்ளே போகிறோம். ஒளித்துப் பேச விரும்பவில்லை: கதை சொல்ல மட்டும் நான் போகவில்லை, விதைக்கத்தான் போகிறேன். அதை மறைத்தால்தான் தப்பு. ஆனால் அண்ணா, உங்கள் மகள் கேட்ட கேள்வியை என்னிடமும் ஒரு பிள்ளை கேட்டது. "மை தாத்தா?" என்றது, அவ்வளவுதான். அப்பா அம்மாவிடம் கேளு என்று சொல்லிவிட்டு வந்தேன். பைபிளில் அதற்கு வசனம் எனக்குத் தெரியும். அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல வாய் வரவில்லை. அன்று ராத்திரி தூக்கம் இல்லை. இப்போதெல்லாம் முதல் வகுப்பிலேயே "கிறிஸ்தவர்கள் நம்புவது இது" என்று சொல்லித்தான் தொடங்குகிறேன். எங்கள் குழுவில் சிலருக்கு அது பிடிக்கவில்லை.

உங்கள் அம்மாவை நினைத்தால் கஷ்டமாக இருக்கிறது.

*

மெல்பர்ன்:

விக்டோரியாவில் 2016 முதல் பாட நேரத்தில் இது கிடையாது. காலையில் பள்ளி தொடங்கும் முன், மதிய இடைவேளையில், அல்லது பள்ளி விட்ட பிறகு. விளையாட்டு நேரத்தை விட்டு யார் வருவார்கள்? எங்கள் பள்ளியில் நாலு பேர் வந்தார்கள், அப்புறம் அதுவும் நின்றுபோனது.

*

டூங்காபி, சிட்னி:

தங்கை, நீங்கள் எழுதியதை அம்மாவுக்கு போனில் வாசித்துக் காட்டினேன். "அந்தப் பொண்ணு நல்லவளா இருக்காளே" என்றார்.

ஒன்று சொல்ல விட்டுப்போனது. அந்தச் சட்டம் கிறிஸ்தவத்துக்கு மட்டும் அல்ல. அனுமதி பெற்ற எந்த மதத்தவரும் வகுப்பு எடுக்கலாம், இந்து வகுப்பும் உண்டு. எங்கள் பள்ளியில் எடுக்க ஆள் இல்லை. "புலம்புறதுக்குப் பதிலா நீங்களே போங்களேன்" என்றாள் மனைவி. அதே சரிபார்ப்பு, அதே பயிற்சி. போன வருடம் முதல் வகுப்பு. களிமண் பிள்ளையார் ஒன்றை மேசையில் வைத்துக் கதை சொல்லி முடித்தேன். முன் வரிசையில் ஒரு பையன் கை தூக்கினான். "பிள்ளையாரை நம்பாதவங்க எங்கே போவாங்க, அங்கிள்?"

நான் பதில் தெரியாமல் விழித்துக்கொண்டு நின்றேன். பின்னாலிருந்து ஒருத்தி சொன்னாள்: "அவங்களுக்கும் கொழுக்கட்டை உண்டு. எங்க வீட்டுல பக்கத்து வீட்டு ஜானுக்குத்தான் முதல்ல கொடுப்போம்."