புளிய மரத்தில் கூழைக்கடா கூடு கட்டினால் மரத்துக்காரருக்குக் காசு எதற்கு?

புளியந்தோப்பு:
கூந்தன்குளம் பறவைப் படங்களுக்குக் கீழே ஏரிக்கரையான் போகிற போக்கில் ஒன்று எழுதிவிட்டுப் போயிருக்கிறார்: "கொக்கரெபெள்ளூரில் மரத்துக்காரனுக்கு வனத்துறை காசு கொடுப்பது வீண். பறவை எச்சமே உரம், அதுவே போதும்." படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. அங்கேயே சண்டை போட்டால் படம் போட்டவருக்குச் சங்கடம், அதனால் இங்கே தனி இழை.

ஊர் தெரியாதவர்களுக்கு: கொக்கரெபெள்ளூர் இருப்பது கர்நாடகத்தில், மண்டியா மாவட்டம், மத்தூர் தாலுகா, சிம்ஷா ஆற்றுப் பக்கம். கூழைக்கடாவும் (பெலிகன்) மஞ்சள் மூக்கு நாரையும் ஊருக்குள்ளேயே, ஆட்கள் குடியிருக்கும் வீட்டுப் புளிய மரங்களில் கூடு வைக்கும். கூட்டில் குஞ்சு இருக்கும் காலமும் புளி உலுக்கும் காலமும் ஒன்று. மரம் ஏறினால் குஞ்சு விழும், ஏறாவிட்டால் புளி போகும். அந்தப் புளிக்காகத்தான் கர்நாடக வனத்துறை பல பத்தாண்டுகளாக மரத்துக்காரர்களுக்கு ஒரு தொகை கொடுத்து வருகிறது. இதில் எது வீண் என்று ஏரிக்கரையான் வந்து விளக்கட்டும்.

ஏரிக்கரையான்:
எனக்காகத் தனி இழையா, ரொம்ப சந்தோஷம். சொன்னதில் மாற்றமில்லை. எச்சம் உரம். வேடந்தாங்கல்காரர்கள் 18ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே கலெக்டர் லயனல் பிளேஸிடம் போய், பறவைகளைச் சுடக் கூடாது என்று எழுதி வாங்கினார்கள். எதற்காக? எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் பாய்ந்த வயல் நன்றாக விளைந்தது, அதற்காக. அவர்கள் காசு கேட்கவில்லை.

புளியந்தோப்பு:
வேடந்தாங்கலில் பறவை உட்காரும் மரம் யாருடையது தம்பி? ஏரிக்குள் நிற்கும் மரம். யாருடைய புளியும் அதில் தொங்கவில்லை. எச்சம் தண்ணீரில் விழுந்து மடை வழியாக வயலுக்குப் போகிறது. கொக்கரெபெள்ளூரில் அது ஓட்டு மேலேயும் வாசலிலும் விழுகிறது. எங்கள் பக்கம் புளிய மரத்தைக் குத்தகைக்கு விட்டால், வருஷத்துக்கு ஒருமுறை முழுத் தொகையாகக் கையில் வரும். பங்குனி, சித்திரை செலவு அதில்தான் ஓடும். குத்தகைக்காரனிடம் போய் "மரத்தில் கூடு இருக்கிறது, எச்சத்தை அள்ளிக்கொள்" என்று சொல்லிப் பாருங்கள்.

கொள்ளுக்குடி மருமகன்:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடி சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டியில் தீபாவளிக்குப் பட்டாசு வெடிக்க மாட்டார்கள். பறவை பயந்துவிடும் என்பதற்காக. வனத்துறை அவர்களுக்குக் கொடுப்பது இனிப்பு. இனிப்புதான்! எங்கள் ஊர்க்காரர்கள் காசுக்குப் பறவை வளர்ப்பவர்கள் இல்லை என்று இங்கே பதிவு செய்கிறேன்.

புளியந்தோப்பு:
மருமகனே, பட்டாசு வெடிக்காவிட்டால் செலவு மிச்சம். புளி உலுக்காவிட்டால் வரவு நஷ்டம். இரண்டையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள்.

கொள்ளுக்குடி மருமகன்:
எங்கள் ஊரைக் கிண்டல் செய்யும் வேலை வேண்டாம் ஐயா. காட்டுப்பன்றி இழையிலும் இப்படித்தான் என்னைப் பேசினீர்கள்.

புளியந்தோப்பு:
காட்டுப்பன்றி இழையில் நீங்கள் என்ன எழுதினீர்கள் என்று நான் மறக்கவில்லை. அது வேறு இழை.

மினசோட்டா மணி:
இங்கே அமெரிக்காவில் இதெல்லாம் விவாதமே இல்லை. 1985ஆம் ஆண்டு பண்ணைச் சட்டத்தில் ஒரு திட்டம் கொண்டுவந்தார்கள். மண் அரிக்கும் நிலத்தில் சோளம் போடாமல் புல்லும் மரமும் விட்டால், பத்து முதல் பதினைந்து வருடத்துக்கு அரசே வருடா வருடம் வாடகை கொடுக்கும். புல் விதைக்க ஆகும் செலவிலும் பாதி வரை கொடுக்கும். வாத்தும் ஃபெசன்ட் கோழியும் அந்தப் புல்லில் முட்டையிடுகின்றன. நில உரிமையாளரை மதிக்கும் நாடு.

ஏரிக்கரையான்:
வந்துவிட்டார் மினசோட்டா. அதே திட்டத்தின் மீதிக் கதையையும் சொல்லுங்கள் சார். 2007இல் அதில் சேர்ந்த நிலம் 3.6 கோடி ஏக்கருக்கு மேல் இருந்தது. மக்காச்சோள விலை ஏறியதும் ஒப்பந்தம் முடிந்தவர்கள் புல்லை உழுது போட்டார்கள். 2015 வாக்கில் மூன்றில் ஒரு பங்கு காணாமல் போயிற்று. காசுக்கு வந்த பறவைப்பாசம் கூடுதல் காசைக் கண்டதும் போய்விட்டது. கொக்கரெபெள்ளூரில் நாளைக்குப் புளி விலை ஏறட்டும், அப்போது பார்ப்போம்.

மினசோட்டா மணி:
2014 பண்ணைச் சட்டத்தில் திட்டத்தின் உச்சவரம்பையே 2.4 கோடி ஏக்கராகக் குறைத்தார்கள். அதற்கு விவசாயி என்ன செய்வான்? பாதி தெரிந்துகொண்டு பேசாதீர்கள்.

ஏரிக்கரையான்:
பாதியாவது தெரியும்.

புளியந்தோப்பு:
அமெரிக்கா கிடக்கட்டும். புளிக்கு வாருங்கள். புளி விலை ஏறினால் மரத்துக்காரன் மனசு மாறும் என்று நீங்களே ஒத்துக்கொண்டீர்கள். அப்படியென்றால் இன்றைக்கு அவன் புளியை விட்டுக்கொடுப்பது நஷ்டம்தானே? அந்த நஷ்டத்தை எச்சம் கட்டுமா கட்டாதா? நேராகப் பதில் வேண்டும்.

ஏரிக்கரையான்:
நான் எதையும் ஒத்துக்கொள்ளவில்லை. அந்த ஊர்க்காரர்கள் மரத்தடியில் குழி வெட்டி, வண்டல் கொட்டி, எச்சத்தைக் கலந்து வயலுக்குக் கொண்டுபோகிறார்கள். உரக்கடையில் பைசா செலவில்லை. கட்டும்.

புளியந்தோப்பு:
மரம் இருக்கிறவனுக்கெல்லாம் வயல் இருக்கிறதா? வீட்டு வாசலில் ஒற்றைப் புளிய மரம் வைத்திருக்கும் கிழவி எச்சத்தை எங்கே கொண்டுபோய்ப் போடுவாள்? கூழைக்கடா என்ன புல்லா தின்கிறது, மீன். அந்த நாற்றத்துக்கடியில் ஒரு நாள் படுத்துப் பாருங்கள்.

சட்டப்புத்தகம்:
ஒரு விஷயம் யாரும் தொடவில்லை. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் 2002இல் செய்த திருத்தப்படி, தனியார் நிலத்தைக்கூட உரிமையாளர்கள் தாமாக முன்வந்தால் சமூகக் காப்பகமாக அறிவிக்கலாம். கொக்கரெபெள்ளூர் 2007இல் அப்படி அறிவிக்கப்பட்டது. அறிவித்த பிறகு நிலத்தின் பயன்பாட்டை உரிமையாளர் தன் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. நிர்வாகக் குழுத் தீர்மானமும் மாநில அரசின் ஒப்புதலும் வேண்டும். ஆகவே கொடுக்கப்படும் தொகை இழந்த விளைச்சலுக்கா, விட்டுக்கொடுத்த உரிமைக்கா, வாழிடத்தைப் பேணுவதற்கா என்று முதலில் பிரித்துக்கொண்டால்...

புளியந்தோப்பு:
பிரிப்பதெல்லாம் அப்புறம் வக்கீல் சார். புளிக்குப் பதில் வரட்டும்.

ஏரிக்கரையான்:
உரம் என்பதுதான் பதில். எத்தனை முறை சொல்வது?

காவிரிக்கரை கண்ணன்:
கர்நாடகாக்காரன் பறவைக்குக் காசு கொடுப்பான், நமக்குத் தண்ணீர் கொடுக்க மாட்டான். அந்த சிம்ஷாவும் காவிரியில்தான் சேர்கிறது, ஞாபகம் இருக்கட்டும்.

மினசோட்டா மணி:
இதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

காவிரிக்கரை கண்ணன்:
டெல்டாவில் இருந்தால் சம்பந்தம் தெரியும். பனியில் உட்கார்ந்துகொண்டு எங்களுக்குப் பாடம் எடுக்க வேண்டாம்.

நெறியாளர்:
காவிரிக்குத் தனி இழை இருக்கிறது. ஒருவர் இருக்கும் ஊரை வைத்து அவரைப் பேசுவதை நிறுத்திக்கொள்ளவும்.

கொள்ளுக்குடி மருமகன்:
என் ஊரைக் கிண்டல் செய்தபோது நெறியாளர் எங்கே போனார் என்று தெரியவில்லை.

புளியந்தோப்பு:
சரி, எல்லோரும் கேளுங்கள். தமிழ்நாட்டில் விவசாயி தன் நிலத்தில் தேக்கும் மகாகனியும் வைத்தால் கன்று இலவசம், உயிரோடு நின்றால் ஊக்கத்தொகை. வெட்டி விற்கப்போகிற மரத்துக்குக் காசு கொடுத்தால் பசுமைத் திட்டம். வெட்டாமல் பறவைக்கு விட்ட மரத்துக்குக் கொடுத்தால் வீண். இதுதானே ஏரிக்கரையான் கணக்கு? பிரித்துப் பார்த்துப் பழகிய வக்கீல் சாரே இதையும் சேர்த்துப் பார்க்கட்டும். என் மரத்தில் நாளைக்கு நாரை வந்தால் நான் விரட்ட மாட்டேன், அது வேறு விஷயம். ஆனால் விரட்டாததால் போன புளிக்கு ஊர் பொறுப்பில்லை, அரசு பொறுப்பில்லை, ஏரிக்கரையான் பொறுப்பில்லை என்றால் எப்படி? பறவையைப் பார்க்க மைசூர் சாலையிலிருந்து கார் கட்டிக்கொண்டு வந்து படம் எடுத்துப் போகிறவன் மரத்துக்காரனுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்திருப்பானா?

ஏரிக்கரையான்:
அந்தத் திட்டம் மரக்கட்டைக்கு. பறவைக்கில்லை. ரெண்டையும் குழப்பி நீளமாக எழுதினால் சரியாகிவிடுமா? கூந்தன்குளத்திலும் வீட்டு மரங்களில்தான் கூடு கட்டுகின்றன. குளம் வற்றியதும் எச்சம் கலந்த வண்டலை அள்ளி வயலில் போடுகிறார்கள். அங்கே யாரும் இழை போட்டு அழவில்லை.

புளியந்தோப்பு:
வண்டல் குளத்தில் இருக்கிறது. புளி மரத்தில் இருக்கிறது.

ஏரிக்கரையான்:
எச்சம் இரண்டிலும் இருக்கிறது.

சட்டப்புத்தகம்:
நான் சொன்ன சட்டத் திருத்தத்தை யாராவது படித்தீர்களா?

புளியந்தோப்பு:
எச்சம், எச்சம் என்று இதோடு எத்தனை முறை எழுதிவிட்டீர்கள் தம்பி, ஒரு புளிய மரம் நல்ல காய்ப்பில் எவ்வளவு கொடுக்கும் என்று ஒருமுறையாவது எழுதினீர்களா? உலுக்கி, கோது உடைத்து, கொட்டை எடுத்து, பெண்களுக்குக் கூலி போட்டு விற்றுப் பார்த்தவனிடம் பேசுகிறீர்கள். எண்ணைப் போடுங்கள். அதுவரை இந்த இழையை நான் மூட விடமாட்டேன்.

ஏரிக்கரையான்:
மூடச் சொல்லி யார் கேட்டது? நீங்கள் முதலில் போடுங்கள், ஒரு கூட்டுக்கு எத்தனை மூட்டை எச்சம் விழும் என்று.