வேலை இடத்துல நம்ம சாட்சி: உங்க அனுபவம் சொல்லுங்க

களத்துக்காரன்
ஸ்தோத்திரம். ஜவ்வரிசி மில்லுல வேலை. பேர் வேண்டாம், ஆத்தூர் பக்கம்னு வெச்சுக்கோங்க. குச்சிக்கிழங்கு லோடு வந்தா பாயிண்ட், அதாவது கிழங்குல மாவுச்சத்து எவ்வளவுன்னு, பாக்குறது என் வேலை. பாயிண்டுக்குத்தான் ரேட்டு, தெரியாதவங்க இல்ல. அன்னைக்கு ஒரு பெரியவர் லோடு, 28 காட்டுச்சு. ஆபீஸ்லருந்து போன்: "26 போடு." பெரியவர் தராசைத் திரும்பிக்கூடப் பாக்கல. துண்டால கழுத்தைத் தொடச்சுக்கிட்டே, "நீங்க வேதக்காரப் புள்ள, நீங்க சொன்னா சரிங்க தம்பி"ன்னுட்டு டீக்கடைக்குப் போயிட்டார்.

28தான் எழுதினேன். மறுநாளே என்னை ஜவ்வரிசி காயவைக்கிற களத்துக்கு மாத்திட்டாங்க. வெயில் பழகிரும், விடுங்க. இப்ப என் சீட்டுல இருக்கறது எங்க சபைத் தம்பி. 26 போடச் சொன்னா 26 போடுறான். ஞாயித்துக்கிழமை காணிக்கைப் பை எடுக்கறதும் அவன்தான். அதான் உறுத்துது.

கொலுசு சிவதாபுரம்
பிரதர், "வேதக்காரப் புள்ள"ன்னு சொன்னதுல நீங்க கொஞ்சம் குளிர்ந்துட்டீங்கன்னு தோணுது. நேர்மைய நமக்கு மட்டும் பட்டா போட்டா குடுத்திருக்கு? எங்க பட்டறை முதலாளி கோட்டை மாரியம்மனுக்கு ஆடி மாசம் முழுக்க விரதம். கட்டி வெள்ளி வாங்கிக் கொலுசா திருப்பிக் குடுக்கறப்ப எடை கூடுதலா நின்னுச்சு ஒருநாள். கடைக்காரர் கவனிக்கல. இவர் ஒவ்வொரு ஜோடியா மறுபடி தராசுல வெச்சார். கடைசி ஜோடியில, ஒட்டுறதுக்குப் பத்த வெச்ச பொடி உள்பக்கம் திரண்டு நின்னுது. நகத்தால சுரண்டிக் காமிச்சு, "இது வெள்ளி இல்லைங்க, கழிச்சுக்கோங்க"ன்னார். நான் பக்கத்துலதான் நின்னேன். கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்புங்கிற நீதிமொழிகள் 11:1 தெரிஞ்சவன்னு பேரு, வாயைத் திறக்கல. அவரு முந்திட்டாரு.

ஏற்காடு அக்கா
சண்டை எதுக்கு? எங்க எஸ்டேட்ல மிளகு பறிக்கிறவங்க கூலியை மேஸ்திரி ரெண்டு வாரம் பிடிச்சு வெச்சார். பிடிச்சு வெச்ச கூலி கூக்குரலிடுதுன்னு சொல்ற யாக்கோபு 5:4 எழுதி அவர் மேஜையில வெச்சேன், குடுத்துட்டார். அவ்வளவுதான்.

தம்பிக்கு ஒண்ணு சொல்றேன். அந்தப் பையனைப் பத்தி சபையில யார்கிட்டயும் வாயைத் திறக்காதீங்க. மத்தேயு 18:15 என்ன சொல்லுது? முதல்ல தனியா பேசணும். பாஸ்டர்கிட்ட நேரா போனா அது கோள். ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சதும் பிடிக்காதீங்க, பசியில இருப்பான். வீட்டுக்குப் போங்க, ஏதாவது பலகாரம் வாங்கிட்டுப் போங்க. அவன் சம்சாரம் முன்னாடி பேசக் கூடாது. எடுத்ததும் வசனத்தை எடுக்காதீங்க. மொதல்ல குடும்பத்தை விசாரிங்க, கடன் இருக்கான்னு கேளுங்க. கேக்கலன்னா அப்புறம் ரெண்டு பேரோட போறது, அதுக்கப்புறம்தான் சபை. காணிக்கைப் பையை அவன்கிட்டருந்து வாங்கச் சொல்லி கமிட்டிக்கு மட்டும் மொட்டைக் கடுதாசி போட்டுறாதீங்க, எங்க சபையில அப்படித்தான் ரெண்டா உடைஞ்சுது.

களத்துக்காரன்
அக்கா, பலகாரம் இல்லாம போயே பேசியாச்சு. "நான் போடலன்னா வேற ஆள் 24 போடுவான்ணே"ன்னான். அதுக்கு என்கிட்ட பதில் இல்ல.

கொலுசு பிரதர், குளிர்ந்தது வாஸ்தவம்.

வாழப்பாடி விவசாயி
உங்க வசனமெல்லாம் இருக்கட்டும். எனக்கு வர்ற வாரம் ரெண்டு லோடு வெட்டணும். அது எந்த மில்லு, தனியா மெசேஜ் பண்ணுங்க.