மார்கழியில் கோபர் கேஸ் குறைகிறது, வழி சொல்லுங்கள்

உசிலம்பட்டி பக்கம் எங்கள் ஊர். ஐந்து மாடுகள். தினமும் 50 கிலோ சாணத்தை அதே அளவு தண்ணீரில் கரைத்து, இரும்பு மிதவை வைத்த 2 கன மீட்டர் கலனில் ஊற்றுகிறோம். சித்திரையில் மூன்று வேளைச் சமையலுக்கும் தாராளம். மார்கழி பிறந்தால் காபி கொதிக்கும் முன்பே அடுப்பு அணைந்துவிடுகிறது. மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிர்களுக்கு 35 டிகிரிச் சூடு வேண்டும், குளிரில் அவை மந்தமாகிவிடும் என்பது தெரியும்.

வெதுவெதுப்பான தண்ணீரில் கரைக்கலாமா? கலனைச் சுற்றி வைக்கோல் அணைத்தால் போதுமா? அப்புறம், மிஞ்சிய சோற்றைப் போட்டால் உள்ளே புளித்துவிடுமா?

அப்பத்தா விறகடுப்புக்கே போ என்கிறார் (புகையில் முதலில் கண் எரிவது அவருக்குத்தான்). எனக்கு விட மனமில்லை. வெளிவரும் சாணக் கரைசலில்தான் எங்கள் மல்லிகை பூக்கிறது. செய்து பார்த்தவர்கள் சொல்லுங்களேன்.