புதுப்பிப்பு: பாய்வள்ளத்தில் ஒரு கிழமை, தீவு தீவாக

ஆடியில் ஒரு கிழமை பாய்வள்ளத்தில் யாழ்ப்பாணத்துத் தீவுகளைச் சுற்றலாமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். திட்டம் மாறிவிட்டது. சோளகத்தில், அதாவது தென்மேற்குக் காற்று வீசும் காலத்தில், நெடுந்தீவுப் பக்கம் போனால் ஓய்வு எங்கே, வாந்திதான் என்று நீங்கள் சொன்னது சரி, மாசிக்குத் தள்ளியாயிற்று. ஊர்காவற்றுறையில் வெளிக்கிட்டு எழுவைதீவு, அனலைதீவு, நயினாதீவு, பிறகு நெடுந்தீவில் மட்டும் 3 இரவு, ஏனென்றால் அங்கே காட்டில் திரியும் குதிரைகளையும் பெருக்குமரத்தையும் (பருத்த அடியுள்ள பாவோபாப் மரம்) பவளக்கல் வேலிகளையும் ஓடி ஓடிப் பார்க்க எனக்கு விருப்பமில்லை.

புங்குடுதீவுத் தாம்போதியடியில் (கடலுக்குக் குறுக்கே போட்ட வீதி) வள்ளக்கார அண்ணை தடியை இறக்கிக் காட்டினார், இடுப்பளவுத் தண்ணீர்கூட இல்லை! ஆகவே தட்டையான அடியுள்ள வள்ளம்தான். குடிதண்ணீர் முழுக்க இங்கிருந்தே ஏற்றுகிறோம். அப்புறம், வழியில் மீன் வாங்கிச் சமைப்போம், நயினாதீவில் அம்மனைக் கும்பிடப் போகிற நாள் மட்டும் மரக்கறி.