புதுப்பிப்பு: பிக்கப்பின் கியர்பாக்ஸ் அதிர்வு, காரணம் தெரிந்தது

போன முறை கேட்டது இதுதான்: என் பிக்கப் சீரான வேகத்தில் போகும்போது, லேசாக ஆக்சிலரேட்டர் கொடுத்தால் கரடுமுரடான சாலையில் ஓடுவது போல ஒரு நடுக்கம். எஞ்சின் விளக்கு எரியவில்லை. ஸ்பார்க் பிளக்காக இருக்கும் என்று சிலர் சொன்னீர்கள். பிளக் மாற்றியும் பலனில்லை.

வழி காட்டியது ஒருவர் சொன்ன பிரேக் சோதனை. நடுக்கம் வரும்போது ஆக்சிலரேட்டரை விடாமல், பிரேக் விளக்கு எரியும் அளவுக்கு மட்டும் பெடலைத் தொட்டேன். டார்க் கன்வெர்ட்டரின் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் எஞ்சின் விசையை ஆயில் வழியாகக் கடத்தும் பாகம்) லாக்கப் கிளட்ச், அதாவது சீரான வேகத்தில் எஞ்சினையும் கியர்பாக்ஸையும் நேரடியாகப் பிணைக்கும் கிளட்ச், விடுபட்டது, எஞ்சின் சுழலும் வேகம் (ஆர்பிஎம்) கொஞ்சம் ஏறியது, நடுக்கம் அப்படியே நின்றது. காலை எடுத்து லாக்கப் மறுபடி பிடித்ததும் திரும்பியது. அப்புறம் சந்தேகமே இல்லை, நடுக்கம் அந்த லாக்கப் கிளட்ச்சிலிருந்துதான்.

கியர்பாக்ஸின் அடியில் ஆயில் தேங்கும் தட்டை (ஆயில் பேன்) கழற்றினோம். ஆயில் கறுத்திருந்தது, அதற்குள் உலோகத் துகளைப் பிடிக்க வைத்திருக்கும் காந்தத்தில் மெல்லிய சாம்பல் நிறப் பசை மட்டும். உலோகத் துண்டு எதுவும் இல்லை, அதில்தான் எனக்குப் பெரிய நிம்மதி. ஃபில்டரையும், கையேடு சொல்லும் அதே வகை ஆயிலையும் மாற்றினோம்.

நடுக்கம் வெகுவாகக் குறைந்துவிட்டது. ஆயில் தட்டை இறக்கினால் கன்வெர்ட்டரில் உள்ள பழைய ஆயில் வெளியே வராது என்பதால், கொஞ்சம் ஓட்டிவிட்டு இன்னொரு முறை மாற்றப் போகிறேன். அந்தச் சோதனையைச் சொன்னவருக்கு மனமார்ந்த நன்றி.