ப்ராஜெக்ட் ஸோம்பாய்ட் பில்ட் 42: வேலி அப்படியே இருக்கு, தீவனம் மிச்சம் இருக்கு, ஆனா கூண்டுக்குள்ள கோழி எல்லாம் செத்து கிடக்கு. ஏன்?

பாதிராத்திரி_லூட்டர்

வணக்கம் மக்களே. ப்ராஜெக்ட் ஸோம்பாய்ட்ங்கற ஸோம்பி சர்வைவல் கேம்ல பில்ட் 41ங்கற பழைய வெர்ஷனை வருஷக்கணக்கா ஆடினவன் நான். 2024 டிசம்பர்ல பில்ட் 42 அன்ஸ்டேபிள் (சோதனை வெர்ஷன்) வந்தப்ப எல்லாரும் பேஸ்மெண்ட் வந்திருக்கு, லைட்டிங் மாறிடுச்சுன்னு பேசிட்டு இருந்தாங்க, எனக்கு மனசுல ஓடினது ஒண்ணுதான், இனிமே கோழி வளர்க்கலாம், மாடு வளர்க்கலாம். பழைய பில்ட்ல கரண்ட் போனதும் ஃப்ரிட்ஜ்ல இருக்குற கறி எல்லாம் கெட்டுப்போயிடும், அப்புறம் மீன் பிடிக்கணும், கண்ணி வைக்கணும், முட்டைக்கோஸ் போடணும், அவ்வளவுதான். முட்டைன்னு ஒண்ணு தினமும் கிடைக்கும்னா அது எவ்வளவு பெரிய விஷயம்னு ஆடினவங்களுக்கு தெரியும்.

கேம்ல வர்ற எக்கோ க்ரீக் ஊருக்கு வெளிய ஒரு பண்ணை வீட்டை பேஸாக்கினேன். கொஞ்ச தூரத்துல இன்னொரு பண்ணைல 6 பெட்டை, 1 சேவல். என்கிட்ட ட்ரெய்லர் இல்ல, அதனால ஒவ்வொண்ணா கையில தூக்கிட்டு நடந்தே வந்தேன். கோழி கையில இருந்தா சண்டை போட முடியாது இல்லையா, மூணாவது நடைல வயல் ஓரத்துல ரெண்டு ஸோம்பி வந்திடுச்சு, கோழியை கீழ விட்டுட்டு கடப்பாரையை எடுத்து ரெண்டையும் அடிச்சு முடிச்சு திரும்பி பார்த்தா கோழியை காணோம். பொழுது சாயுற வரைக்கும் தேடி ஒரு மரத்தடில கண்டுபிடிச்சேன். ஓடினா மிரளுதுன்னு குனிஞ்சு மெதுவா போய் பிடிச்சேன். இப்படி ரெண்டு நாள் கேம் டைம் செலவு பண்ணி ஏழு கோழியையும் கொண்டு வந்தது.

அப்புறம் மர வேலி, கூண்டு, விலங்கு ஜோன் வரைஞ்சு, தண்ணிக்கு ஒரு தொட்டி தீவனத்துக்கு ஒரு தொட்டி. மூணு வாரம் நல்லா போச்சு. முட்டை வந்துது, அடையில வச்ச முட்டைல நாலு குஞ்சு கூட பொரிச்சுது. அந்த தைரியத்துல ஜெனரேட்டர் தேடி பிராண்டன்பர்க்ங்கற ஊருக்கு போனேன், ரெண்டு ராத்திரி தங்குற மாதிரி ஆயிடுச்சு. மூணாவது நாள் காலைல வந்து கூண்டை திறந்து பார்த்தா உள்ள அஞ்சு பெரிய கோழி செத்து கிடக்கு, குஞ்சு நாலும் போச்சு. மிஞ்சினது ஒரு பெட்டை, ஒரு சேவல்.

வேலி உடையல. சுத்தி ஒரு ஸோம்பி கூட இல்ல. தீவனத் தொட்டில பாதிக்கு மேல இருக்கு, தண்ணியும் இருக்கு. பட்டினின்னும் சொல்ல முடியல, தாகம்னும் சொல்ல முடியல. விலங்கு பராமரிப்பு ஸ்கில் கம்மியா இருக்குறதால தகவல் விண்டோல பாதி விஷயம் எனக்கு காட்டவே மாட்டேங்குது. நான் எதைத்தான் சரி பண்றது? காரணமே தெரியாம சாகுறதுதான் தாங்கல.

வேலிக்கால்

ப்ரோ, முதல்ல ஜோனை பாருங்க. நிறைய பேர் வேலியும் ஜோனும் ஒண்ணுன்னு நினைக்கிறாங்க. வேலிதான் விலங்கை நிறுத்தி வைக்கும், ஜோன் வந்து இது என்னோட பட்டின்னு கேமுக்கு சொல்றதுக்கு. தொட்டியோட ஒரு ஓரம் ஜோன் கோட்டுக்கு வெளிய போயிருக்கான்னு பாருங்க. ஜோன் விண்டோவை திறந்தா அதுக்குள்ள எந்தெந்த விலங்கு இருக்குன்னு பேர் வரிசையா வரும், உங்க கோழி அத்தனையும் அதுல வந்துச்சா?

எனக்கும் இந்த சிஸ்டம் மேல பயங்கர வருத்தம் இருக்கு, சொல்லிடறேன். நான் கோழி இல்ல, மாடு. கயிறு கட்டி ஒரு பசுவை ரெண்டு வயல் தாண்டி கூட்டிட்டு வந்தேன், அது நடக்குற வேகத்துக்கு நாமளும் நடக்கணும், வழில ஸோம்பி வந்தா கயிறை விட்டுட்டு அடிச்சுட்டு மறுபடி போய் கட்டணும். எப்படியோ கொண்டு வந்து சேர்த்து, அது கன்னு போடுற வரைக்கும் காத்திருந்து (கன்னு போட்டாதான் பால், அது நியாயம், அதுல எனக்கு குறை இல்ல) பால் கறக்க ஆரம்பிச்சேன். ஒரு பக்கெட் நிறைய பால் வர்றதை பார்த்தப்ப அவ்வளவு சந்தோஷம். அப்புறம் கால்ல அடிபட்டு ஒரு வீட்டு மாடில மாட்டிக்கிட்டு அஞ்சு நாள் வர முடியல. வந்து பார்த்தா பால் வத்திடுச்சு. திரும்ப சினை பிடிச்சு கன்னு போடணும். கறக்காம விட்டா வத்தும்ங்கறது நிஜத்துலயும் அப்படித்தான், ஆனா நிஜத்துல பக்கத்து வீட்ல ஒருத்தர் இருப்பாங்க, ரெண்டு நாள் கறந்து ஊத்துங்கன்னு சொல்லிட்டு போகலாம். இந்த கேம்ல நாம மட்டும்தான். ஊரை சுத்தி பொருள் தேடணும்னு ஒரு பக்கம் தள்ளுது, வீட்டை விட்டு நகராதன்னு இன்னொரு பக்கம் கட்டி போடுது.

தோட்டத்து_அக்கா

தம்பி, நீ சொன்னதுல ஒரு விஷயம் எனக்கு உறுத்துது. செத்தது எல்லாம் கூண்டுக்குள்ள, வெளிய ஒண்ணும் இல்ல, தீவனம் மிச்சம். ஊருக்கு போறப்ப கூண்டு கதவை திறந்து வச்சிட்டு போனியா?

ஏன் கேக்கறேன்னா சாண்ட்பாக்ஸ் செட்டிங்ல (கேம் விதியை நாமளே மாத்திக்கிற இடம்) விலங்குகளுக்குன்னு ஒரு பக்கம் இருக்கு, அதுல கொன்னு தின்னிகளை அனுமதிக்கிற ஆப்ஷன் ஒண்ணு இருக்கும். அதை டிக் பண்ணியிருந்தா, நீ பக்கத்துல இல்லாத ராத்திரி கூண்டு கதவு திறந்து கிடந்தா நரி மாதிரி ஏதாவது வந்து உள்ள இருக்குறதை அடிச்சிடும். நரி கண்ணுக்கு தெரியாது, நீ தூரத்துல இருக்கும்போது கேம் பின்னாடி கணக்கு போட்டு முடிச்சிடும். நீ வந்து பார்க்குறது அந்த கணக்கோட விடையை மட்டும்தான்.

எங்க வீட்ல சின்ன வயசுல இருந்து கோழி இருக்கு. சாயங்காலம் ஆனா பஞ்சாரத்தை கவுத்து மேல ஒரு கல்லை வைக்கறது என் வேலை. ஒரே ஒரு நாள் கல்லு வைக்க மறந்து கீரிப்பிள்ளை புகுந்து மூணு கோழி போச்சு, கழுத்துல சின்னதா ஒரு கடி, அவ்வளவுதான், தின்னக்கூட இல்ல. அதனால அந்த கேம் விதி தப்புன்னு சொல்ல மாட்டேன். ஆனா அன்னைக்கு காலைல எங்க பாட்டி பஞ்சாரத்தை தூக்கி பார்த்ததும் கீரின்னு சொல்லிட்டாங்க, ஏன்னா கடிச்ச தடம் இருந்துச்சு, மண்ணுல கால் தடம் இருந்துச்சு, ஒரு பக்கம் மண்ணு தோண்டியிருந்துச்சு. கேம்ல அந்த தடம் எங்க? இத்தனைக்கும் இந்த பில்ட்ல காட்டு விலங்கோட தடம் பார்த்து பின்னாடி போறதுக்குன்னே ஒரு ஸ்கில் கொடுத்திருக்காங்க. மானுக்கு தடம் இருக்கு, என் கோழியை கொன்னதுக்கு தடம் இல்லன்னா அது எப்படி சரியாகும்.

பாதிராத்திரி_லூட்டர்

அக்கா நீங்க சொன்னதுதான். நான் இந்த சேவ் (இந்த ஆட்டம்) ஆரம்பிச்சப்ப ஒருத்தர் ஷேர் பண்ணின ப்ரீசெட்டை, அதாவது ரெடிமேட் செட்டிங் தொகுப்பை, போட்டு ஆரம்பிச்சேன், ஸோம்பி எண்ணிக்கை, லூட் (தேடினா கிடைக்கிற பொருள்) அளவு மட்டும் பார்த்தேன், விலங்கு பக்கத்தை திறந்து கூட பார்க்கல. இப்ப புது கேம் ஸ்க்ரீன்ல அதே ப்ரீசெட்டை லோடு பண்ணி பார்த்தா அந்த டிக் இருக்கு. கதவும் திறந்துதான் விட்டுட்டு போனேன்.

ஆனா ஏன் திறந்து விட்டேன்னு கேளுங்க. தொட்டி வெளிய இருக்கு, கூண்டு உள்ள. கதவை மூடிட்டு போனா ரெண்டு நாள் கோழி வெளிய வர முடியாது, தின்ன முடியாது, குடிக்க முடியாது. திறந்து வச்சா நரி. ஆக மொத்தம் பொழுது விடிஞ்சதும் திறக்க ஒரு ஆள், பொழுது சாஞ்சதும் மூட ஒரு ஆள், தினமும். என் செட்டிங்ல ஒரு கேம் நாள்ங்கறது ஒரு மணி நேரம், அதுல விடியுறதுக்கும் சாயறதுக்கும் நடுவுல போய் வர்ற தூரம் எவ்வளவுன்னு நீங்களே யோசிங்க. பிராண்டன்பர்க் போய் நாலு வீட்டை அலசிட்டு இருட்டுறதுக்குள்ள திரும்புறதுன்னா வண்டி ஓட்டுறதுலயே பாதி பொழுது போயிடும்.

வேலிக்கால் ப்ரோ, ஜோன் சரியாதான் இருக்கு, ரெண்டு தொட்டியும் உள்ளதான், பார்த்துட்டேன்.

கென்டக்கி_கண்ணன்

ப்ரோ நான் ரேஞ்சர் இல்ல, ரேன்ச்சர் வேலை எடுத்து ஆடுறவன், பண்ணைக்காரன் கேரக்டர். விலங்கு பராமரிப்பு ஸ்கில் ஆரம்பத்துலயே கொஞ்சம் வந்திடும், தகவல் விண்டோல நமக்கு நிறைய தெரியும், பசி எவ்வளவு, மிரட்சி எவ்வளவு, எல்லாம். அடுத்த கேரக்டருக்கு இதை யோசிங்க, வித்தியாசம் ரொம்ப பெருசு.

இன்னொண்ணு, சாண்ட்பாக்ஸ்ல விலங்கு பக்கத்தை மாத்துறதை ஏமாத்து வேலை மாதிரி சிலர் பேசறாங்க, நான் அப்படி நினைக்கல. பசி தாகம் எவ்வளவு வேகமா ஏறணும், சினைக்காலம் எவ்வளவு, முட்டை எத்தனை வேகமா பொரிக்கணும், புல்லு திரும்ப முளைக்க எவ்வளவு நாள், விலங்கு கத்துற சத்தத்துக்கு ஸோம்பி வரணுமா வேணாமா, எல்லாத்துக்கும் தனித்தனியா ஆப்ஷன் கொடுத்து வச்சிருக்காங்க. ஏன் கொடுத்தாங்கன்னா நிஜக் கணக்கு இந்த கேமுக்கு ஒத்து வராது. கோழி முட்டை பொரிக்க 21 நாள், அது பரவால்ல. பன்னிக்கு 114 நாள், ஆட்டுக்கு சுமார் அஞ்சு மாசம், மாட்டுக்கு ஒம்போது மாசத்துக்கு மேல. கதை ஆரம்பிக்கறது 1993 ஜூலைல, நிஜக் கணக்குப்படி போனா முதல் கன்னுக்குட்டியை பார்க்குறதுக்குள்ள அடுத்த வருஷம் வசந்தம் வந்திடும், அது வரைக்கும் நம்மள்ல எத்தனை பேர் உயிரோட இருக்கோம். அதனால புது சேவ் ஆரம்பிக்கும்போது அந்த பக்கத்தை ஒரு பத்து நிமிஷம் உக்காந்து படிங்க, அடுத்தவங்க ப்ரீசெட்டை அப்படியே எடுக்காதீங்க.

நான் செய்யறது இதுதான், பசி தாகம் மட்டும் மெதுவா வச்சுக்குவேன், கொன்னு தின்னியை ஆஃப், சத்தத்துக்கு ஸோம்பி வர்றது ஆன். ஏன்னா அந்த ஆபத்து கண்ணுக்கு தெரியும், வேலியை பலமா கட்டி அதை எதிர்க்கலாம்.

வேலிக்கால்

கண்ணன் ப்ரோ சொல்றது சரிதான், ஆனா எனக்கு முழுசா ஒப்பலை. ஆஃப் பண்ணிட்டா ஆபத்தே இல்லாம போயிடுது, ஆன் பண்ணினா வீட்டை விட்டு நகர முடியல, நடுவுல ஒண்ணு இல்லைங்கறதுதான் என் வருத்தம். கூண்டுக்குள்ளயே தீவனம், தண்ணி வைக்க ஒரு இடம் கொடுத்திருந்தா போதும். ரெண்டு நாளைக்கு மூடி வச்சிட்டு போகலாம், கூண்டு அழுக்காகும், வந்து கழுவணும், கோழிக்கு மிரட்சி ஏறியிருக்கும், முட்டை குறையும். அதெல்லாம் தண்டனைதான், ஆனா தாங்கக்கூடிய தண்டனை. எல்லாம் ஒரே ராத்திரில செத்து கிடக்கறதுக்கும் இதுக்கும் எவ்வளவு வித்தியாசம்.

இது அன்ஸ்டேபிள்ல வந்த சிஸ்டம்தான், அப்டேட்டுக்கு அப்டேட் மாறிட்டுதான் வந்திருக்கு, அதனாலதான் பொறுமையா எழுதுறேன். நீங்களும் இந்த அனுபவத்தை டெவலப்பர்கள் ஃபோரம்ல எழுதுங்க ப்ரோ, வேலி, தொட்டி, கதவு, எத்தனை நாள் வெளிய இருந்தீங்க, எல்லா விவரத்தோட. கோபத்துல எழுதினா யாரும் எடுத்துக்க மாட்டாங்க.

தோட்டத்து_அக்கா

தம்பி, இப்போதைக்கு இந்த சேவ்ல என்ன பண்ணலாம்னு நான் சொல்றேன். தூரப் பயணத்தை கொஞ்ச நாள் தள்ளி வை. விடியக்காலைல கதவை திறந்து விட்டுட்டு கிளம்பு, எக்கோ க்ரீக்கை சுத்தியே லூட் பண்ணு, வெளிச்சம் மங்கறப்ப கூண்டு பக்கம் வந்திடு. கோழி தானாவே உள்ள அடையும், எல்லாம் அடைஞ்சதான்னு எண்ணி பார்த்துட்டு கதவை சாத்து. எண்ணாம சாத்தாத, ஒண்ணு வெளிய நின்னுடும்.

செத்த கோழியை கூண்டுக்குள்ள அப்படியே விட்டுடாத, எடுத்துட்டு உள்ள சுத்தம் பண்ணு. முட்டைப் பெட்டியையும் பார்த்து சுத்தம் பண்ணு. அப்புறம் ஒண்ணு, மிஞ்சினது ஒரு சேவல் ஒரு பெட்டைன்னா இனிமே பொரிக்கறது எல்லாம் ஒரே வயித்து குஞ்சு. இந்த கேம்ல மரபணு கணக்கும் இருக்கு, கூடப்பொறந்ததுங்களுக்குள்ளயே தொடர்ந்து விட்டா நோஞ்சான் குஞ்சு வரும். எங்க ஊர்லயும் ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை சேவலை பக்கத்து ஊர்க்காரங்களோட மாத்திக்குவோம். முதல் பொரிப்பு பெருசானதும் வேற பண்ணைல இருந்து புது சேவல் ஒண்ணு கொண்டு வந்திடு.

பாதிராத்திரி_லூட்டர்

ரொம்ப நன்றி அக்கா, நன்றி ப்ரோஸ். நேத்து ராத்திரி உக்காந்து கூண்டை சுத்தம் பண்ணிட்டேன். செத்த கோழியை சமைக்க மனசு வரல, வேலிக்கு வெளிய குழி தோண்டி புதைச்சேன்.

நீங்க சொன்ன மாதிரி மூணு கேம் நாளா விடியக்காலைல திறந்து, சாயங்காலம் எண்ணி மூடுறேன், ஒண்ணு, ரெண்டு, அவ்வளவுதான் எண்ண இருக்கு இப்ப. தீவனத் தொட்டியை கூண்டு வாசலுக்கு பக்கத்துல நகர்த்தி வச்சேன். கண்ணன் ப்ரோ, பசி வேகத்தை இந்த சேவ்ல மாத்தல, இதை இப்படியே ஓட்டி பார்க்குறேன், அடுத்த சேவ்ல உங்க செட்டிங். ஃபோரம்லயும் எழுதிட்டேன், தடம் இருக்கணும்னு அக்கா சொன்னதையும் சேர்த்து.

இன்னைக்கு காலைல முட்டைப் பெட்டியை திறந்தா ரெண்டு முட்டை இருக்கு. எடுக்கல, அப்படியே விட்டுட்டேன். பெட்டை அது மேல உக்காருதான்னு சாயங்காலம் பார்த்துட்டு சொல்றேன்.