குறைந்த செலவில் எடுத்த நல்ல ஜாம்பி படம் இருந்தால் சொல்லுங்க மக்களே

நாகர்கோவிலில் ரெண்டு நாளாக விடாத மழை, கரண்டும் போய்ப் போய் வருகிறது, சனிக்கிழமை ராத்திரி தக்கலையிலிருந்து சித்தி பையன்கள் மூணு பேர் பேய்ப்படம் பார்க்க வருகிறார்கள், என்ன போடுவதென்று தெரியவில்லை. போன தடவை ஒரு புதுப் படத்தைப் போட்டு மானம் போயிற்று. ஜாம்பிக்குப் பூசிய சாம்பல் நிறம் தாடையோடு நின்றுவிட்டது, கழுத்துக்குக் கீழே சாதா மனுஷன்!

பணம் இல்லாததைக் குறை சொல்லவில்லை. ஜப்பானில் 2017-இல் வந்த 'ஒன் கட் ஆஃப் த டெட்' சுமார் 30 லட்சம் யென்னில் எடுத்ததுதான், முதல் 37 நிமிஷம் ஒரே ஷாட், அதில் மட்டமாகத் தெரிந்ததெல்லாம் பின்பாதியில் வயிறு வலிக்கச் சிரிக்க வைக்கும். 2020 ஊரடங்கில் வீடியோ காலிலேயே எடுத்த 'ஹோஸ்ட்' ஒரு மணி நேரம்கூட இல்லை, ஆனால் பாதியில் எழுந்துபோய் அடுக்களைக் கதவைச் சாத்திவிட்டு வந்துதான் மீதியைப் பார்த்தேன்.

இந்த மாதிரி சமீபத்தில் வந்தது ஏதாவது இருக்கா? தமிழ், மலையாளம் என்றால் ரொம்ப நல்லது, சப்டைட்டில் படிக்கச் சின்னவனுக்குப் பொறுமை கிடையாது. திடீரென்று கத்திப் பயமுறுத்துகிற வகை மட்டும் வேண்டாம், பக்கத்து அறையில் பாட்டி தூங்குவார்கள். அப்புறம், எந்த ஓடிடியில் இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்க.